கேட்டுட்டு ஆடலாம்மா

மத்தியானம் தன் அக்கா வந்து அரை மணி நேரம் கண்ணயர்ந்தாலும், வட்டார ஆபீசுக்கு ஓடிப்போய் ‘வீட்டில் விருந்தாளி’ என்று பதிந்துவிட்டு வரும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ரங்கூனில் ராத்திரி தங்குகிற விருந்தாளியைத்தான் பதிய வேண்டும். பகலில் படுப்பவர்களைப் பற்றி எந்த அரசாங்கமும் கவலைப்பட்டதில்லை. ஆபீசில் இருந்தவனே, “பகல் தூக்கத்துக்கெல்லாம் பதிவு கிடையாது, போங்க ஊலே” என்று விரட்டுவானாம். இவர் அசையமாட்டார். “ஒருவேளை அக்கா எந்திரிக்க நேரமாயிட்டா?” என்பார்.

அவர் டவுனில், பபேடான் பக்கம், ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தா. அதே தெருவில் ஒரு துணிக்கடையில் நான் விற்பனைக்கு நின்றேன். இருவருக்கும் வீடு தின்கன்ஜூனில், மூன்று வீடு தள்ளி. காலையில் ஒரே பஸ். காலி இடம் கண்ணெதிரே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் “உக்காரலாங்களா?” என்று கேட்பார். கேட்டு முடிப்பதற்குள் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு டவுன் வரைக்கும் நின்றபடியே வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “காலி இடத்துக்கு யாரைக் கேக்கணும் ஊலே?” என்று ஒருநாள் கத்தியே விட்டேன். ஊலே என்றால் பர்மியில் மாமா. எங்கள் ஊரில் தமிழரும் தமிழரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“கேட்டா ஒண்ணும் குறைஞ்சிடாதும்மா,” என்றார்.

பர்மாக்காரப் பெண்கள் அவருக்கு ஊ க்வின் என்று பெயர் வைத்திருந்தார்கள். க்வின் என்றால் அனுமதி. ஊ என்பது பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. அனுமதி ஐயா என்று வைத்துக்கொள்ளுங்களேன். சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் எழுதினால் மனுஷன் போன இடத்தில் இருந்துகொண்டு வருத்தப்படுவார்.

அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவருடைய அப்பாவிடமிருந்து என்பேன். அறுபதுகளில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அந்தக் குடும்பம் மதராசுக்குக் கப்பலேறத் துறைமுகத்துக்கு வந்தது. அப்பாவின் பேப்பரில் ஒரு முத்திரை இல்லை. சித்தப்பாவின் பேப்பரிலும் இல்லை. அப்பா முத்திரை வாங்கத் திரும்பிப் போனார். சித்தப்பா கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டார். கப்பல் போய்விட்டது. சித்தப்பா மதராசில் மாவு மில் வைத்துப் பேரன் பேத்தி எடுத்துவிட்டார். இவர்கள் இங்கேயே தங்கி, கையில் நீல நிற அடையாள அட்டையோடு, முக்கால் குடிமக்களாக இருந்தார்கள். இந்தக் கதையைக் கேட்கிற எவனும் சித்தப்பாதான் புத்திசாலி என்பான். இவர் மட்டும், “முத்திரை இல்லாம ஏறி, நடுக்கடல்ல கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?” என்பார். நடுக்கடலில் யார் ஐயா கேட்பது?

ஆனால் ஊர் அவரைத் தூக்கி வைத்துக்கொண்டாடியதற்கும் ஒரு காரணம் உண்டு. எங்கள் கோயில் தேர் ஊர்வலம். நாலு பேர் சேர்ந்து நின்றாலே ‘என்ன கூட்டம்?’ என்று கேட்ட காலம் அது. வருஷா வருஷம் ஆறு மாதம் முன்னாலேயே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கி, அனுமதி வாங்கிவிடுவார். “எழுத்துல கிடைக்குமாங்க?” என்று அவர் கேட்கிற குரலுக்குக் கல்லும் கரையும். தேர் வீதிக்கு வரும்போது எல்லாரும் சாமியைப் பார்த்துக் கும்பிடுவார்கள். இவர் ஓரத்தில் நின்று, சட்டைப் பையில் இருக்கிற அனுமதித் தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

பந்து வந்தது இரண்டாயிரத்துக்குப் பிறகு. ஜப்பான் கப்பல் அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது அதையும் ஒரு வீடியோ கேசட்டையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மட்டை உரித்த தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூரான பழுப்புப் பந்து. கேசட்டில் ஜப்பான் மாணவர்கள் அமெரிக்கக் கால்பந்து ஆடினார்கள். டெக் எங்கள் வீட்டில்தான் இருந்தது. “போடலாமாம்மா?” என்று அம்மாவைக் கேட்டு, அப்பாவைக் கேட்டு, என்னையும் கேட்டுவிட்டுத்தான் போட்டார். ஒருவன் மேல் ஒருவன் விழுவதைப் பார்த்து நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். அவர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியாம்மா! நாலு தடவைக்குள்ள பத்து கெஜம் முன்னேறணும். முன்னேறினானா இல்லையான்னு சந்தேகம் வந்தா ரெண்டு பேரு சங்கிலியைத் தூக்கிட்டு வர்றாங்க பாரு. சத்தம் போடுறவன் பேச்சு அங்க எடுபடாது. சங்கிலி சொன்னாத்தான் நியாயம்!”

அவர் கண் கலங்கியிருந்தது. சங்கிலியைப் பார்த்து அழுத ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இன்னொண்ணு தெரியுமா? உலகமே மீட்டருக்குப் போயிடுச்சு. இன்னும் கெஜத்துல அளக்குறது அமெரிக்காக்காரனும் நம்ம பர்மாவும்தான். இது நமக்குன்னே செஞ்ச ஆட்டம்!”

மறு வாரமே ஆசியக் கூட்டமைப்புக்கு எழுதிவிட்டார். பந்தை இன்னும் ஒருத்தரும் தொட்டிருக்கவில்லை. அதற்குள் தலைமை ஆபீசுக்குக் கடிதம்! பதிலும் வந்தது. தலைக்கவசம், தோள்கவசம் வாங்க வசதியில்லாத நாடுகள் கொடி ஆட்டத்தில் தொடங்கலாம் என்று வழி சொல்லியிருந்தார்கள். பக்கத்துக்கு ஐந்து பேர். இடுப்பில் இரண்டு துணிப்பட்டை தொங்கும். ஆளைத் தள்ளக் கூடாது. பட்டையைப் பிடுங்கினால் ஆள் விழுந்ததாகக் கணக்கு. பையன்கள் வரமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு வட்டப் பந்து இருந்தது. கடைசியில் சேர்ந்தது பெண்கள்தான். எங்கள் தெருவில் ஐந்து பேர், பபேடானில் ஐந்து பேர். பட்டைகளை எங்கள் கடைத் துண்டுத்துணியில் நான் வெட்டினேன். பக்கத்து வீட்டு மா சூ எறிவாள். நான் ஓடுவேன். என்னை அணித்தலைவி ஆக்கினார், மற்ற நாலு பேரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு.

பஸ்ஸில் வரும்போது ஆசியா முழுக்க இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று எனக்குப் பாடம் நடத்துவார். ஊரில் அணிகள். அணிகள் சேர்ந்தால் தேசச் சங்கம். ஒரு நாட்டுக்கு ஒரே சங்கம்தான், இரண்டு பேர் வந்து நான்தான் நீதான் என்று அடித்துக்கொள்ள முடியாது. அந்தச் சங்கத்தை அந்த நாட்டு விளையாட்டு இலாகா ஒத்துக்கொள்ள வேண்டும். தேசச் சங்கங்கள் சேர்ந்து ஆசியக் கூட்டமைப்பு. இப்படி ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒன்று, அதற்கெல்லாம் மேலே உலகக் கூட்டமைப்பு. விதியை மாற்றுவதென்றால் எல்லா நாடும் உட்கார்ந்து ஓட்டுப் போடும்.

“ஜப்பான்ல தெருவுக்குத் தெரு அணி இருக்கு. நம்மகிட்ட பத்து பொண்ணுங்க. ஆனா ஓட்டுன்னு வந்தா அவனுக்கும் ஒண்ணு, நமக்கும் ஒண்ணு. எண்ணவும் செய்வாங்கம்மா.”

கடைசி வார்த்தையைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். போட்ட ஓட்டு என்ன ஆனதென்று தெரியாத ஊர் எங்களுடையது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியையைக் கேட்டு, சாயங்காலம் மைதானத்தை வாங்கினார். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற உத்தரவு ஞாபகம் வந்து, ஒரு அணியை வாதாம் மரத்தடியிலும் இன்னொரு அணியை வேப்ப மரத்தடியிலும் உட்கார வைத்தார். “நீங்க அஞ்சு, அவங்க அஞ்சு. பத்து இல்ல,” என்று எங்களுக்கு விளக்கினார். ஆட ஆரம்பித்தால் கலந்துவிடுவோமே என்று மா சூ கேட்டாள். “அது ஆட்டம்மா, கூட்டமில்ல,” என்றார்.

சங்கிலியும் செய்துவிட்டார். படகுச் சங்கிலியில் பத்து கெஜம் அளந்து வெட்டி, இரண்டு முனையிலும் சாயம் பூசிய மூங்கில் கம்பு. கொடி ஆட்டத்தில் சங்கிலியே கிடையாது என்று ஆசியாவிலிருந்து எழுதினார்கள். இது ஒன்றில் மட்டும் அவர் மேலிடத்தைக் கேட்கவில்லை.

இரண்டு அணியும் முழுசாக மோதியது ஒரே ஒரு தரம். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசி முயற்சியில் மா சூ எறிந்த பந்தை நான் பிடித்து ஓடி, சேற்றில் சறுக்கி விழுந்தேன். பத்து கெஜம் ஆனதா இல்லையா? ஆச்சு என்று நாங்கள், ஆகலை என்று பபேடான்காரிகள். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சங்கிலியோடு வந்தார். ஒரு சாண் குறைந்தது. பந்து அந்தப் பக்கம் போனது. நாங்கள் தோற்றோம். வேடிக்கை பார்க்க வந்த என் அம்மா, “ஒரு சாணுக்கு என் பொண்ணை அழ வைக்கிறீங்களே, உங்க தெருப் பொண்ணுதானே அது?” என்று சண்டைக்குப் போய்விட்டாள். “சங்கிலிக்குத் தெரு தெரியாதும்மா,” என்றார் அவர். முகம் முழுக்க மழை, வாய் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் பாங்காக்கிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிய நாடுகளின் பெண்கள் கொடி ஆட்டம். உறுப்பினர் ஆவதையெல்லாம் பிறகு பார்க்கலாம், இந்தத் தடவை விருந்தினராக வாருங்கள், தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தார்கள். எங்கள் கடை முதலாளி செட்டியார் டிக்கெட் எடுத்துத் தருவதாகச் சொன்னார். பாஸ்போர்ட் புரோக்கர், “டூரிஸ்டுன்னு போங்க, ஆடுங்க, வாங்க. யாரு கேக்கப் போறா?” என்றான்.

எனக்கு அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் தாலி ஏறினால் காலில் ஓட்டம் நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஓடத் தெரியும் என்பதைத் தவிர எனக்கென்று ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு தரம், வேறு நாட்டுக்காரி ஒருத்தி துரத்த, அவள் கைக்குச் சிக்காமல் ஓடிப் பார்க்க வேண்டும். அந்த ஆசையில் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவருக்கும் இறங்கவில்லை. வேறு காரணம். எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார்: “சட்டையில நாட்டுப் பேரைப் போட்டுக்கிட்டு, நாட்டுகிட்ட சொல்லாம போறதா? தப்பும்மா. இலாகாவுல ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆடலாம்மா.”

“ஊலே, பேரு போடாம போறோம். வெறும் சட்டையில போறோம்,” என்றேன்.

“அப்ப யாருக்காக ஆடுறது?”

மா சூ பர்மியில் கெஞ்சினாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்காதீர்கள், கேட்டால் இல்லையென்றுதான் சொல்வார்கள் என்றாள். என் அம்மா உள்ளே இருந்தே, “சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!” என்று சத்தம் போட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். “சாமி ஊர்வலத்துக்கே குடுத்தாங்க. அஞ்சு பொண்ணுங்க ஓடுறதுக்குக் குடுக்கமாட்டாங்களா?” என்றார். அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட லுங்கி, பையில் பந்து.

போய்வந்து அவரே சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அதிகாரி மரியாதையாக உட்கார வைத்தாராம். தேநீர் வந்ததாம். பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த நாட்டு ஆட்டம் என்று கேட்டாராம். அமெரிக்கா என்றாராம் இவர். அமெரிக்கா எங்கள் அரசாங்கத்தோடு முறைத்துக்கொண்டு வியாபாரத்தையே நிறுத்தியிருந்த காலம்! யார் ஆடுகிறார்கள், எங்கே கூடுகிறார்கள், யார் இடம் விட்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்க, இவர் பெயர், வீடு, பள்ளிக்கூடம், தலைமையாசிரியை என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இரண்டு மரத்தடியையும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

“ரொம்ப அக்கறையா எழுதிக்கிட்டாரும்மா. எழுத்துல பதில் வரும்னாரு.”

நான் நடு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். மா சூ வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

எழுத்தில் பதில் வரவில்லை. ஆட்கள் வந்தார்கள். மைதானத்தில் நின்று எங்களைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதோடு மைதானம் போச்சு. தலைமையாசிரியையைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த அம்மாள் பிறகு எங்களைத் தெருவில் கண்டால் குடையைத் தாழ்த்திக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டுக்கும் வட்டார ஆபீஸ்காரன் வந்து, உங்கள் பெண் ஏன் அமெரிக்க ஆட்டம் ஆடுகிறாள் என்று கேட்டான். அப்பா நடுங்கிப்போனார். புரோக்கர் எங்களைத் தெரியாதவன் மாதிரி நடந்தான். ஒரு மாதத்துக்குள் எனக்குக் கல்யாணம் முடிந்தது. பாங்காக்கில் யார் ஜெயித்தார்களோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். பாவி மனுஷன், ஒரு தரம், ஒரே ஒரு தரம் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் அப்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். மாதா மாதம் இலாகாவுக்குப் போய் பதில் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார் என்று அம்மா சொல்வாள். “இல்லேன்னு இன்னும் எழுத்துல வரலையே,” என்பாராம். பிறகு அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே புதுத் தலைநகருக்குப் போனது. இலாகாவும் போனது. அந்த ஊருக்குப் போய்க் கேட்கலாமா என்று இங்கே யாரைக் கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தாராம். சிரிக்கிறதா அழுகிறதா, நீங்களே சொல்லுங்கள்.

கேட்காமல் போயிருந்தால் மாட்டிக்கொண்டிருப்போமா? தெரியாது. சித்தப்பா மாதிரி கரையேறியிருப்போமா? அதுவும் தெரியாது. ஆடித் தோற்றிருந்தால்கூட மறந்திருப்பேன். தெரியாமலே போனதுதான் இன்னும் உறுத்துகிறது.

கடைசியாக அவரைப் பார்த்தது, ஊரையே புரட்டிப்போட்ட அந்தப் பெரிய புயல் அடித்து ஓரிரு வருஷம் கழித்து. பபேடானில் நானே சின்னதாக ஒரு துணிக்கடை போட்டிருந்தேன். மத்தியான நேரம். வாசலில் வந்து நின்றார். இளைத்து, சட்டை தோளில் தொங்கியது.

“உள்ள வரலாமாம்மா?”

எத்தனையோ வருஷத்துக் கோபம் அந்தக் கேள்வியில் போய்விட்டது. “கடைக்கு வர்றதுக்குமா கேப்பீங்க? வாங்க ஊலே,” என்றேன்.

பையிலிருந்து பந்தை எடுத்தார். தோல் வெடித்திருந்தது, ஆனால் காற்று நிறைந்திருந்தது. டாலாவில் சில பிள்ளைகள் ஏதோ டிவியில் பார்த்துவிட்டு இந்த ஆட்டத்தை ஆடுகிறார்களாம், துணிச்சுருளைப் பந்தாக வைத்துக்கொண்டு. ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்தாராம். “யாரையும் கேக்கலைம்மா அவங்க. கேக்கணும்னே தெரியல,” என்றார். அவர் குரலில் கண்டனம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது. “இதை அவங்களுக்குக் குடுக்கலாமா? நீதானே தலைவி. உன்னைக் கேக்காம...”

“குடுங்க. எழுத்துல வேணும்னாலும் தர்றேன்,” என்றேன்.

சிரித்தார். பிறகு அந்தப் பழைய குரலில், “பாங்காக் போயிருக்கலாம்மா,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பும் கேட்கவில்லை. கேட்பதற்கென்றே பிறந்த மனிதர், அதை மட்டும் கேட்கவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ. எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டுகிற லுங்கிதான், அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினேன். வெற்றிலைக் கடையைத் தாண்டி, மோஹிங்கா நூடுல்ஸ் விற்கிறவளின் முக்காலிகளைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். முப்பது தாண்டியவள், இரண்டு பிள்ளை பெற்றவள், பட்டப்பகலில்! தெருவே பார்த்தது. சுமாராகப் பத்து கெஜம் போய்த் திரும்பி, இரண்டு கையையும் தூக்கினேன்.

“எறிங்க ஊலே!”

அவர் பந்தைத் தோளுக்கு மேலே தூக்கினார். விரல்கள் தையல் மேல் சரியாகப் பதிந்திருந்தன. எறியத் தெரிந்த கைதான் அது. தூக்கியவர், தெருவின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். வெற்றிலைக் கடைக்காரனைப் பார்த்தார், முக்கில் நின்ற போக்குவரத்துப் போலீஸைப் பார்த்தார்.

“எறிங்க! ஒண்ணும் ஆகாது!”

நான் கையைத் தூக்கியபடியே நின்றேன். அவர் மெதுவாகப் பந்தை இறக்கினார். இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழியில் நின்றவர்களிடமெல்லாம் “கொஞ்சம் வழி விடலாங்களா, கொஞ்சம் வழி விடலாங்களா” என்று கேட்டுக்கொண்டே அந்தப் பத்து கெஜத்தையும் நடந்து வந்து, என் கையில் கொடுத்தார்.